என் முதல் ஜாமுக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

ஸ்ட்ராபெரி ஜாம் நன்றாகக் கட்டியிருக்கிறது, பாட்டில்களின் மூடியெல்லாம் உள்வாங்கி இறுகிவிட்டது. வாங்கிச் சாப்பிட்டே பழகின எனக்கு இது வந்ததற்குக் காரணம் நீங்கள்தான், அதிலும் "இப்படிச் செய்" என்பதோடு விடாமல் ஏன் அப்படி என்று கேட்கக் கேட்கப் பொறுமையாகச் சொன்னீர்களே, அதுதான்.

முதலில் அத்தைக்கு. சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். பழத்திலேயே இருந்து ஜாமைக் கட்டவைக்கும் பெக்டின் என்ற பொருள், எலுமிச்சையின் புளிப்பு, சர்க்கரை மூன்றும் சரியாகச் சேர்ந்தால்தான் ஜாம் கட்டும், சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால்தான் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, திறந்த பிறகு சீக்கிரம் கெடாமல் இருப்பதற்கும் அந்தச் சர்க்கரைதான் துணை என்று சொன்னீர்கள். ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு என்பதால் கால் பங்கு பழத்தை லேசாகக் காய்ப்பதமாக எடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். முற்றிப் பழுத்ததில் மணம் இருக்கும், கட்டும் சக்தி இருக்காது. நன்றி அத்தை.

பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் அகலப் பாத்திரத்துக்கும் தெர்மாமீட்டருக்கும் நன்றி, அடுப்படியில் கூடவே நின்றதற்கு இன்னும் பெரிய நன்றி. அகலமாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், நெடுநேரம் கொதித்தால் நிறமும் போகும் பெக்டினும் சிதையும், அதனால்தான் ஒரே தடவையில் இரண்டு மடங்கு பழத்தைப் போடக்கூடாது என்றீர்கள். 104, 105 டிகிரி செல்சியஸ் வந்தால் பதம், உயரமான ஊர்களில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிப்பதால் பதமும் முன்னாலேயே வந்துவிடும், ஆகவே அந்த எண்ணை மட்டும் நம்பாதே என்று ஃப்ரீசரில் ஒரு தட்டை வைக்கச் சொன்னீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழுந்தது! நுரை பொங்கிக்கொண்டிருந்த கொதிப்பு அடங்கி, குமிழிகள் கனத்துப் பளபளவென்று மெதுவாக வெடிக்க ஆரம்பித்ததை நீங்கள் காட்டியிருக்காவிட்டால் எனக்குப் புரிந்தே இருக்காது.

அப்புறம், பாட்டிலில் அடைப்பதைச் சொல்லிக்கொடுத்த தோழி. சூடான ஜாமை ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் போதாதா என்று கேட்டதற்கு நீ கறாராக மறுத்தாய், அந்தக் கறாருக்குத்தான் இந்த நன்றி. ஜாமின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருப்பதால், மூடிய பாட்டிலில் விஷத்தை உண்டாக்கும் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளராது, அதனால் கொதிக்கும் தண்ணீரே போதும், ஆனால் பூஞ்சை புளிப்பிலும் வளரும், அதைக் கொல்ல அந்தக் கொதி கட்டாயம் என்றாய். மேலே கால் அங்குலம் இடம் விட்டு, விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, மூடியை விரல் நுனியால் மட்டும் இறுக்கி, பாட்டிலுக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க 10 நிமிடம் கொதிக்கவிட்டோம். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும் என்பதால்தான் முறுக்கி மூடக்கூடாதாம். எடுத்து வைத்த பிறகு 12 மணி நேரம் அசைக்கக்கூடாது என்பதையும் நீ விட்டுக்கொடுக்கவில்லை.

பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்பவர் பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைக்கும் இந்த முறையைப் பற்றி 1810-இல் புத்தகம் எழுதியபோது உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது, கெடுப்பது நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி விளக்கியது பல பத்தாண்டுகள் கழித்து. எனக்கோ முதல் நாளே சொல்ல ஆள் இருந்தது.

உட்கார்ந்து பழத்துக்குக் காம்பு கிள்ளிய பிள்ளைகளே, உங்கள் பங்கு தனியாக இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரு பாட்டில் வரும், தேதி எழுதியிருக்கிறேன். வெயில் படாத இடத்தில் வைத்து ஒரு வருடத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், திறந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலியானதும் பாட்டிலையும் மூடியைப் பிடித்திருக்கும் திருகு வளையத்தையும் திருப்பித் தாருங்கள், உள்ளே இருக்கும் தட்டையான மூடி வேண்டாம், அது ஒரு முறைக்குத்தான். அடுத்து ராஸ்ப்பெரி போடப்போகிறேன், அத்தை, அதற்கு எலுமிச்சை எவ்வளவு என்று கேட்டு நாளைக்கே போன் செய்வேன்.