குழலை மூடி வைக்காதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம் மட்டும்தான் வந்தது. அதை உனக்கு அனுப்பி என்ன பயன் என்று கிழித்துப் போட்டேன். அதனால்தான் இத்தனை தாமதம்.

ஓடைக்கரை மருத மரங்களை வெட்டுவதற்காக அவற்றின் பட்டையைச் செதுக்கி, வெள்ளையடித்து, அதன்மேல் சிவப்பில் எண் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நாம் உட்காரும் பாறையைத் தாண்டி அளவுக்கல்லும் நட்டாயிற்று என்றாய். அந்தப் பெரிய மரத்துக்கு எந்த எண் விழுந்திருக்கும் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எண் எதுவானால் என்ன? ஆனாலும் மனசு அங்கேயேதான் போய் நிற்கிறது.

அதைவிட என்னை உறுத்தியது உன் கடைசிப் பத்தி. குழலைத் தொடவே பிடிக்கவில்லை, ரோம் எரியும்போது பிடில் வாசித்தவன் கதையாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். நீரோ காலத்தில் பிடிலே கிடையாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அவன் அரசன். அணைக்க வேண்டிய கை அவனுடையது. நீ வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறவள். ராத்திரி வந்து அரைமணி நேரம் ஊதினால் எந்த மரமும் கூடுதலாகச் சாயப்போவதில்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். செய்தி தெரிந்த வாரம், கைபேசியில் தேடி ஓடும் தண்ணீர், காட்டுப் பறவைகள் என்று பதிவுகளாகப் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. யாரோ எங்கேயோ பதிந்த தண்ணீர் அது. நம் ஓடை கூழாங்கல் திட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒருபக்கம் சளசளவென்றும் மறுபக்கம் ஓசையே இல்லாமலும் போகுமே, அது அதில் எங்கே இருக்கிறது? போய்ச் சேர்ந்தவரின் சாயலில் தெருவில் யாரையாவது பார்த்தால் அடிவயிற்றில் ஒரு திடுக்கிடல் வருமே, அதுதான் வந்தது. நிறுத்திவிட்டேன்.

சோகத்துக்கு முகாரி ராகம் என்பார்கள். எனக்கு அதுவும் ஒத்துவரவில்லை. கைகொடுத்தது சஹானா ராகம். பழைய நாகஸ்வரப் பதிவு ஒன்று, வெறும் ஆலாபனை. பாட்டு வரிகள் இல்லை, தாளம் இல்லை. சஹானா நேராக ஏறாது என்று உனக்குத் தெரியும். ஸ்வர வரிசையில் பஞ்சமம் வரை போனபின், அதற்குக் கீழே இருக்கும் மத்தியமத்துக்குத் திரும்பி வந்துவிட்டுத்தான் மேலே தைவதத்துக்கே போகும். விட்டுவந்ததை ஒருமுறை பார்க்காமல் அடுத்த அடி வைக்காத ராகம். "எல்லாம் சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வந்த நாட்கள் அவை. அந்த நாகஸ்வரம் அப்படி எதையும் சொல்லவில்லை. அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. சாப்பிட்டுவிட்டு ஆட்சேபணை மனுவை எழுத ஆரம்பித்தேன். நடந்த வரிசையைக் கவனி, அதற்காகத்தான் சொல்கிறேன்.

செம்மார்புக் குக்குறுவானை நீ மறந்திருக்க மாட்டாய். காலையில் நீ சாதகம் பண்ணும்போது எங்கோ உச்சிக்கிளையில் உட்கார்ந்து டொங்க், டொங்க் என்று ஆரம்பிக்கும். கைக்குள் அடங்குகிற பறவை, ஆனால் ஒரே சுரம், இடைவெளி இம்மியும் பிசகாது. நீ சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தை அதன் காலப்பிரமாணத்துக்கு, அதாவது அதே வேகத்துக்கு, வைத்துக்கொள்வாய். அது பாட்டுக்கு நிறுத்திவிட்டு வேறு வேகத்தில் தொடங்கினால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பின்னாளில் உன் வாசிப்பில் காலம் அசையவே இல்லை என்று பெரியவர்கள் மெச்சியபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு. குரு யார் என்று எனக்கல்லவா தெரியும்!

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது மரம், புள், பறை, யாழ் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தார். பள்ளியில் மனப்பாடம் பண்ணியபோது மரத்துக்கும் பறவைக்கும் பக்கத்தில் யாழுக்கு என்ன வேலை என்று நினைத்தேன். இப்போது அந்தச் சந்தேகம் இல்லை. அந்த ஓடையில் ஒரு பங்கு உன் விரல்களில் இருக்கிறது. குழலை நீ மூடி வைத்தால், எண் போட்டவர்கள் கைவைக்க முடியாத பங்கையும் நீயே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும்.

இன்னொரு விஷயம், இது ஆறுதலுக்காக இல்லை. பெர்னி க்ராஸ் என்று ஓர் அமெரிக்க இசைக்கலைஞர் இருக்கிறார். காட்டு ஒலிகளைப் பதிவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்றொரு புல்வெளி. அங்கே மரங்களை ஆங்காங்கே மட்டும்தான் வெட்டுவோம், காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். வெட்டுவதற்கு முன்பு, 1988இல், ஒரு விடியற்காலையை அவர் பதிந்துவைத்தார். மறுவருடம் அதே இடம், அதே பருவம். கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. படம் எடுத்திருந்தால் சொன்னது உண்மைதான் என்றே தோன்றியிருக்கும். ஒலிப்பதிவில் பறவைக் குரல்கள் பெரும்பாலும் இல்லை. ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தி தட்டுவதும்தான் மிஞ்சியது. 25 ஆண்டுகளில் 15 தடவை திரும்பிப் போய்ப் பார்த்தும் பழைய ஒலி வரவில்லை என்றார்.

அதனால் நீ இப்போதே பதிய ஆரம்பி. கைபேசி போதும். பாறைமேல் ஒரே இடத்தில் வைத்து, விடியும் நேரத்தில், வாரம் ஒருமுறை. தேதி, நேரம், மழையா வெயிலா எல்லாம் குறித்துக்கொள். நீயும் நானும் அழுது கேட்க இல்லை, நாளைக்கு "அங்கே ஒன்றும் இல்லையே" என்று யாராவது சொன்னால் எடுத்துப் போட.

ஒலி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று சொல்லமாட்டேன். ஹவாயின் கவாயி தீவில் ஓஓ என்று ஒரு பறவை இருந்தது. அதன் குரல் கடைசியாகக் கேட்டது 1987இல். பதிவு இருக்கிறது, பறவை இல்லை. அதே சமயம், திமிங்கலங்களை ஆராய்ந்த ரோஜர் பேய்ன் 1970இல் திமிங்கலப் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டபோது, அதுவரை எண்ணெயும் இறைச்சியுமாகத் தெரிந்த பிராணியை ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். வணிக வேட்டையை நிறுத்தி வைக்கும் முடிவு 1982இல் வந்தது. பாட்டு மட்டுமே செய்த வேலை இல்லை அது, ஆனால் பாட்டுக்கும் பங்கு உண்டு. நம் ஓடை இரண்டில் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் பக்கத்துச் செய்தி அதிகமில்லை. மூட்டுவலி அப்படியேதான். இந்த வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், சிரிக்காதே. கூட உட்காருகிற பிள்ளைகள் வர்ணத்துக்குப் போய்விட்டார்கள், நான் இன்னும் அலங்காரத்தில் திணறுகிறேன். தனியாகக் கேட்பதைவிட நாலு பேரோடு சேர்ந்து அபசுரமாகப் பாடுவதில்தான் மனசு லேசாகிறது.

மனு வரைவை இதோடு வைத்திருக்கிறேன். நீர்ப்போக்கு பற்றிய பகுதி பலவீனமாக இருக்கிறது. வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பாறையில் கறை இருக்குமே, அதன் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. கருத்துக்கேட்புக் கூட்டத் தேதி தெரிந்ததும் எழுது, வருகிறேன். அதற்குள் குழலுக்கு எண்ணெய் போட்டு வை. எத்தனை நாளாகத் தொடாமல் கிடக்கிறதோ, மூங்கில் காய்ந்தால் வெடித்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய தோழி