மூழ்கிய சென்னையில் கபடி: துணைநின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பலகை விளையாட்டின் கதை இது: கடல் ஏறிவந்து வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீருக்கடியில் போய்விட்ட சென்னை. பரங்கிமலையும் கத்திப்பாரா மேம்பாலமும் மட்டும் தலைகாட்டுகின்றன. மிஞ்சிய மக்கள் அணிக்கு ஏழு பேராகக் கபடி ஆடுகிறார்கள். வெல்லும் அணிக்குக் குடிநீர். கதை இவ்வளவுதான். அதை ஆடத்தக்கதாக ஆக்கியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி வடசென்னைக் கபடிப் பயிற்சியாளர்களுக்கு. என்ன கற்பனை செய்தாலும் ஆடுகளத்தின் அளவில் கைவைக்கக் கூடாது என்று உறுதியாக நின்றீர்கள். 13க்கு 10 மீட்டர் களம், 1:50 அளவில் 26க்கு 20 செ.மீ. ஆகிறது. நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு (பாடி வருபவர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) 7.5, போனஸ் கோடு (தாண்டினால் கூடுதல் புள்ளி தரும் கோடு) 9.5 செ.மீ.; லாபி எனும் ஓரப் பட்டை இருபுறமும் 2 செ.மீ.

ஆட்டத்தின் போக்கில் களத்தை மூழ்கடிக்கும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஏற வேண்டும் என்பதையும் நீங்களே தீர்த்துவைத்தீர்கள். பின்கோட்டிலிருந்து ஏறினால், போனஸ் கோட்டுக்குப் பின்னால் உள்ள 1.75 மீட்டர் இடம்தான் முதலில் போகும். பிடிக்க நிற்பவர்களுக்குப் பின்வாங்க வழியில்லை. போனஸ் எடுக்கவும் இடமில்லை. பாடி வரும் ரைடர் கைநீட்டித் தொட்டுக்கொண்டே போவார், மளமளவென்று ஆல் அவுட். பக்கவாட்டில் ஏறினால் முதலில் போவது லாபி. தொட்டபின் ஓரமாக வளைந்து தப்பும் பாதை ரைடருக்கு அடைபடும், கார்னரில் நிற்பவரின் கணுக்கால் பிடிக்கு மதிப்புக் கூடும். ஆட்டம் இறுகும், ஆனால் சாகாது. இந்த ஒரு திருத்தம் இல்லையென்றால் இது விளையாட்டே இல்லை.

ரைடர் காயை நகர்த்துபவர் ஒரே மூச்சில் பாட வேண்டும், பாட்டு விட்டால் அவுட் என்ற விதியும் உங்களுடையதே. ஒரு ரைடின் நேரத்தை அளக்கும் 30 விநாடி மணற்கடிகாரங்கள் ஒன்றுபோல் ஓடுவதில்லை. இரு அணிகளும் ஒரே கடிகாரத்தையே பயன்படுத்துவது நல்லது.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைக்காரர்களுக்கு: 2 மி.மீ. கிரே போர்டு எனும் தடித்த அட்டையில் ஒரு பக்கம் மட்டும் படத்தை ஒட்டினால், காயும்போது காகிதம் சுருங்கிப் பலகையை வில்லாக வளைத்துவிடும். பின்பக்கமும் அதே கனத்துக் காகிதத்தை, இழை ஒரே திசையில் ஓடும்படி ஒட்டி, இரவு முழுக்கப் பாரத்தின் கீழ் வைக்கச் சொன்னீர்கள். ஃபெவிகாலை மெல்லிய பூச்சாகத் தேய்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். மழைக்காலத்தில் கனமான பூச்சு சீக்கிரம் காயாது.

புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைத்த 10 மி.மீ. போல்ட் வாஷர்களே காய்களின் அடிப்பாகம். வெளிவிட்டம் 20 மி.மீ., லாபிக்குள் கச்சிதமாக அடங்குகிறது. 34 மி.மீ. உயரக் காய் சாயாமல் நிற்க அந்த இரும்பின் எடை போதும்.

குடிநீரைச் சுத்தமாக்கும் வழிகளைச் சொல்லும் தண்ணீர்ச் சீட்டுகளைத் திருத்திக் கொடுத்த செவிலியர் அக்காவுக்குத் தனி நன்றி. கிருமி அழிய, தெளிந்த நீரை நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நல்ல வெயிலில் 6 மணி நேரம், மேகமூட்டமென்றால் 2 நாள் வைக்க வேண்டும். கலங்கல் நீரில் ஒளி இறங்காது, அதனால் வடிகட்டும் சீட்டு இல்லாமல் வெயில் சீட்டு செல்லாது. சோர்ந்த வீரர் களத்துக்குத் திரும்ப, 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கு அதிகமாகும், உப்பு கூடினால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டென்றாலும் இந்த அளவு பிசகக் கூடாது என்று நீங்கள் காட்டிய கண்டிப்பை மதிக்கிறோம்.

ஆடிப் பார்த்து விதிகளின் ஓட்டைகளைச் சுட்டிய பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. பலகையின் வெட்டுப்படம் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறோம்.

நன்றியுடன்,
கபடிப் பலகை விளையாட்டுக் குழுவினர்,
சென்னை