உன் பாடத்திட்டத்தில் நான் அடித்துத் திருத்திய இடங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் மழலையர் வகுப்புக்கு நீ எழுதி அனுப்பிய முதல் மாதப் பாடத்திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். அங்கங்கே அடித்துத் திருத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ என்ன சொல்லித்தரப் போகிறாய் என்பது தெளிவாக இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை கையால் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதுதான் எங்கேயும் இல்லை.

எண்களுக்கு 45 நிமிடம், 1 முதல் 20 வரை என்று போட்டிருக்கிறாய். 3 வயதுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கவனித்தால் 10 நிமிடம், 4 வயதில் 15. அதற்கு மேல் நெளிவார்கள். அது குறும்பு இல்லை, உடம்பு அசையக் கேட்கிறது. 20 வரை ஒப்பிப்பதும் எண்ணுவது ஆகாது, அது பாட்டு. கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஒரு கூடை மரக்கட்டைகளைக் காட்டி, "எனக்கு நாலு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பார். பல பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தருவார்கள். உன் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணுவதில் சறுக்குகிற இடம் மூன்று, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதலாவது, விரல் ஒரு வேகத்தில் போகும், வாய் ஒரு வேகத்தில் போகும். ஒரு கட்டை விடுபடும், இன்னொன்று இரண்டு முறை எண்ணப்படும். இதற்குக் கட்டைகளைச் சிதறவிடாமல் ஒரே வரிசையில் வை. தொட்டு எண்ணுவதற்குப் பதிலாக ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு எடுத்துப் போட்டபடி எண்ணச் சொல். எது எண்ணியாயிற்று, எது பாக்கி என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. நீ மொத்தத்தை முதலிலேயே சொல்லிவிட்டு எண்ணிக் காட்டு: "இங்க மூணு கட்டை இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கட்டை." கடைசி "மூணு" சொல்லும்போது மூன்றையும் சேர்த்து விரலால் ஒரு வட்டம் போடு. அந்த வட்டம் முக்கியம். அது இல்லாவிட்டால் மூன்றாவது கட்டையின் பெயர்தான் மூன்று என்று எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, அள்ளித் தரும் பிள்ளை. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒன்று புரிந்த பிள்ளைக்கு இரண்டு புரியச் சில மாதம், அங்கிருந்து மூன்றுக்கு இன்னும் சில மாதம் ஆவது இயல்பு. அதனால் முதல் மாதத்துக்கு 3 போதும், முடிந்தவர்களுக்கு 5. "உன் பக்கத்துல ரெண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு தூரிகை கொடு" என்பது போல வேலையோடு வேலையாகக் கேள். 20 வரை பாட்டாகச் சொல்வதை நிறுத்த வேண்டாம், அதுவும் பின்னால் உதவும். "பதிமூணு" என்னும்போது பத்தும் மூன்றும் காதில் விழுகிறதே, நம் மொழி பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம் அது. ஒன்று கவனி: பொம்மைகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் குழாயின் வாய் ஏறத்தாழ 3.2 செ.மீ. அகலம். அதற்குள் முழுதாக விழுகிற எந்தப் பொருளையும் எண்ணுவதற்கென்று 3 வயது நிரம்பாத பிள்ளையிடம் கொடுக்காதே, வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நிறங்களுக்குச் சிவப்புப் பந்து, நீலக் கார், மஞ்சள் வாளி என்று எழுதியிருக்கிறாய். "சிவப்பு" என்று நீ சொன்னால் பிள்ளை அதை உருண்டை என்று புரிந்துகொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது. ஒரே அளவு, ஒரே வடிவம், நிறம் மட்டும் வேறு என்று கட்டைகளை எடு. முதல் நாள் சிவப்பும் நீலமும். சிவப்பும் ஆரஞ்சும் வேண்டாம்.

சொல்லித்தரும் முறைக்குப் பழைய மூன்று படியே போதும். 19-ம் நூற்றாண்டில் செகான் என்ற பிரெஞ்சு மருத்துவர் பயன்படுத்தியது. 1907-ல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அதை எடுத்துக்கொண்டார். "இது சிவப்பு. இது நீலம்." இது முதல் படி, வேறு பேச்சே வேண்டாம். "சிவப்பை என் கையில வை. நீலத்தை மேசைக்கு அடியில ஒளிச்சு வை." இது இரண்டாம் படி. பிறகு ஒன்றைக் காட்டி "இது என்ன?" எல்லோரும் செய்யும் பிழை, முதல் படியிலிருந்து மூன்றாவதுக்குத் தாவுவது. நேரமெல்லாம் இரண்டாம் படிக்குத்தான் போக வேண்டும். அங்கே பிள்ளைக்குப் பெயர் நினைவுக்கு வர வேண்டியதில்லை, கேட்டு அடையாளம் கண்டால் போதும். மூன்றாம் படியில் தவறிப்போனால் "இல்லை" என்று திருத்தாதே. பேசாமல் இரண்டாம் படிக்குத் திரும்பு, இல்லாவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்.

கதைக்கு தினம் ஒரு புத்தகம் போட்டதையும் அடித்துவிட்டேன். ஒரே புத்தகம் 4 நாள். முதல் நாள் நிறுத்தாமல் படி. மறுநாள் படத்தைக் காட்டி "இது யாரு, என்ன பண்றாங்க?" மூன்றாம் நாள் "ஏன் அழுதுச்சு?" நான்காம் நாள் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துச் சொல்ல வை. பிள்ளை "நாய்" என்று மட்டும் சொன்னால், "ஆமா, பெரிய நாய், ஓடுது" என்று இரண்டு சொல் சேர்த்துக் கொடுத்து, அதைத் திருப்பிச் சொல்லவும் வை. வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் ஒரே ஒரு மாதம் இப்படிப் படித்துக் காட்டியதிலேயே குழந்தைகளின் பேச்சில் வித்தியாசம் தெரிந்தது.

கேள்வி கேட்ட பிறகு மனசுக்குள் ஐந்து வரை எண்ணு. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே அளந்து சொன்னார். 3 விநாடிக்கு மேல் பொறுத்தால் பதில் நீளமாகிறது, வாய் திறக்காத பிள்ளையும் திறக்கிறது. அந்த அமைதி உனக்குத்தான் சங்கடமாக இருக்கும், பிள்ளைக்கு இருக்காது.

எழுத்துக்கு இந்த மாதம் பென்சிலே வேண்டாம். முதலில் காது: "ம-னு தொடங்குற பேர் யாருக்கு இருக்கு?" பெயரைக் கைதட்டிப் பிரிப்பது, அதுபோல. பிறகு விரல்: தட்டில் ஒரு செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்பி, அதில் கோடு. அ-விலிருந்து ஆரம்பிக்காதே, அதில் சுழியும் வளைவும் அதிகம். ட என்பது மேலிருந்து கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அதிலேயே இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் ப. அதற்குப் பிறகு ம. ப-வை வலப்பக்கத்திலிருந்து இழுத்தால் உருவம் சரியாகத்தான் வரும், பழக்கம் தப்பாக ஊறிவிடும். அதனால் எழுதிய எழுத்தைப் பார்க்காதே, எழுதும் கையைப் பார். புள்ளிகளை இணைக்கும் தாள்களை நான் முழுக்க எடுத்துவிட்டேன்: பிள்ளை அடுத்த புள்ளியைத் தேடுகிறதே தவிர எழுத்தைப் பார்ப்பதில்லை. கிரேயானை 3 செ.மீ. துண்டுகளாக உடைத்து வை. நீளமாக இருந்தால் முழுக் கையாலும் பிடிக்க இடம் இருக்கும். துண்டை விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும்.

சண்டையும் கடியும் பெரும்பாலும் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில்தான். கை கழுவ 20 பேரையும் ஒன்றாக அனுப்பாதே. "சிவப்புச் சட்டை போட்டவங்க மட்டும் எழுந்திருங்க" என்று பிரித்து அனுப்பு. நிறப் பாடமும் அதிலேயே நடந்துவிடும். "ஓடாதே" என்றால் பிள்ளை காதில் விழுவது "ஓடு" மட்டும்தான் என்று வைத்துக்கொள், "மெதுவா நடந்து வா" என்று சொல். விளையாட்டு நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 45 ஆக்கியிருக்கிறேன், எண்களில் மிச்சமானது இங்கே வந்துவிட்டது. முதல் 10 நிமிடம் எதை எடுப்பது என்று அலைவதிலேயே போய்விடும், அதற்குப் பிறகுதான் உருப்படியாக எதையாவது கட்டுவார்கள்.

பிள்ளைகளுக்கான குறிப்பேட்டில் "நன்றாகச் செய்கிறான்" என்று எழுதாதே. "3 கேட்டால் 3 தருகிறான், 4 கேட்டால் அள்ளுகிறான்" என்று தேதி போட்டு எழுது. ஒரு நாளைக்கு 4 பிள்ளை என்று பார்த்தால் 5 நாளில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும்.

திருத்தியதை வைத்துப் புதிதாக எழுதி அனுப்பு. மணல் தட்டு வாங்கும்போது மூடி உள்ளதாகப் பார்த்து வாங்கு, தரையைப் பெருக்கப்போவது நீதான்.

அன்புடன்,
அம்மா