ஃபோர் பை ஃபோர் கிளப் நடத்தும் நண்பர்களுக்கு: லிஃப்ட் கிட்டுக்கு முன்னால் காற்று இறக்கக் கற்றுக்கொடுங்கள்

சென்னை, கோவை, மதுரை என்று ஊருக்கு ஊர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டிகளைக் கூட்டிக்கொண்டு மணலுக்கும் மலைக்கும் போகிற கிளப் நண்பர்களுக்கும், முன்வண்டியில் போய் வழிகாட்டும் மார்ஷல்களுக்கும் வணக்கம்.

புதிதாக வண்டி எடுத்தவர்கள் முதலில் கேட்பது உங்களிடம்தான், அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. 2020 அக்டோபரில் மஹிந்திராவின் புதிய தார் வந்தது, 2023 ஜூனில் மாருதியின் ஜிம்னி வந்தது. அதற்கு முன்னால் பழைய ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒர்க்‌ஷாப்பே கதி என்று கிடந்தவர்கள் பெரும்பாலும் செய்துகொண்டிருந்ததை இன்றைக்கு ஷோரூமிலிருந்து நேராக வந்தும் செய்யலாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் குரூப்பில் சேர்ந்த முதல் வாரமே அவர்கள் காதில் விழுவது என்ன? வண்டியை உயர்த்த ரெண்டு இன்ச் லிஃப்ட் போடு, பெரிய டயர் போடு, இரும்பு பம்பர் போடு, சிக்கினால் கயிற்றைச் சுருட்டி இழுக்கிற விஞ்ச் மாட்டு. லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு வந்து மணலில் இறங்கியதும் ஆக்ஸில் வரை புதைந்து நிற்கிறார்கள். டயரில் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. அப்படியே இருக்கிறது. அதை இறக்கச் சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

காற்றைப் பற்றி நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்கு இறக்கினால் டயர் தரையில் படிகிற தடம் முன்னும் பின்னுமாக நீள்கிறது, அதே எடை அதிக இடத்தில் பரவுகிறது, வண்டி மணலைத் தோண்டாமல் மேலே ஏறிப் போகிறது. ரொம்ப இளகிய மணல் என்றால் 15 வரை போகலாம். அதற்கும் கீழே இறக்கிவிட்டு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், ஆகவே வேகமும் வேண்டாம், சட்டென்ற திருப்பமும் வேண்டாம். கல் பாதையிலும் இதே கதைதான், கொஞ்சம் இறக்கினால் டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும், உள்ளே இருப்பவர்களின் முதுகும் தப்பிக்கும். அப்புறம் தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிவிட வேண்டும். இறங்கிய டயரோடு ஹைவேயில் 80ல் போனால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். இத்தனைக்கும் தேவை ஒரு பிரஷர் கேஜும், பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுகிற ஒரு சின்ன கம்ப்ரஸரும்தான். லிஃப்ட் கிட் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

லிஃப்ட் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி உயர்ந்தால் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும், அதன் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்கும் முன் ஆக்ஸிலின் சாய்வு, அதாவது காஸ்டர் கோணம், குறைந்து, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, ஹைவேயில் வண்டி அலையும். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாமல் இழுபடலாம், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், கிளட்ச்சுக்கும் பாரம். இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒருவர் போடுகிறார் என்றால் அது அவர் விருப்பம்.

சட்டத்தையும் மறைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இரும்பு பம்பருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. மோதலின் அதிர்ச்சியை பம்பர் வாங்கி சேஸிஸுக்கு நேராகத் தள்ளுகிறது, ஏர்பேக் சென்சாரும் குழம்புகிறது, ரோட்டில் நடப்பவர்மீது பட்டால் அவர் கதி இன்னும் மோசம். புதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம். போன மழைக்காலத்தில் ஒரு கிளப் ட்ரைவில், ஏரிச் சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது பார்த்தேன். பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையான டோ பால் இருக்கிறதே, அதில் இழுவைப் பட்டையான ஸ்ட்ராப்பின் வளையத்தைப் போட்டு, இழுக்கிற வண்டி ஓடி வந்து வெடுக்கென்று இழுத்தது. சுற்றிலும் ஆட்கள், ஃபோனில் வீடியோ எடுத்தபடி இரண்டு சின்னப் பிள்ளைகள் ஸ்ட்ராப்புக்குப் பக்கத்திலேயே. மார்ஷல் "இன்னும் வேகமா" என்று கை காட்டுகிறார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பால் டிரெய்லரை நிதானமாக இழுத்துப் போகச் செய்தது, இந்த மாதிரி உதறலுக்குச் செய்ததே இல்லை. முறிந்தால் பீரங்கிக் குண்டுதான், ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர் போயிருக்கிறது.

சேஸிஸில் போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே கம்பெனி கொடுத்த ரெக்கவரி பாயின்ட்டில் மட்டும் மாட்டுங்கள். ஸ்ட்ராப்பை அதில் மாட்டும் இரும்புக் கொக்கியான ஷாக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும், 4.75 டன் என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், ஹார்டுவேர் கடையில் எடை பொறிக்காமல் கிடக்கும் ஷாக்கிள் வேண்டாம். இரண்டு ஸ்ட்ராப்பை ஷாக்கிள் போட்டு இணைக்கவே கூடாது, அறுந்தால் அந்த இரும்பு பறந்து வரும். நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள், வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அனுப்புங்கள். இழுப்பதற்கு முன்னால் ஒரு மண்வெட்டி எடுத்து டயருக்கு முன்னால் இருக்கிற சேற்றைத் தள்ளிப் பாருங்கள், பல நேரம் ஸ்ட்ராப்பே தேவைப்படாது.

தண்ணீருக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி சொல்லும் ஆழம் தாருக்கு 650 மி.மீ., ஜிம்னிக்கு 300 மி.மீ. மட்டுமே, இரண்டையும் ஒரே ஓடையில் வரிசையாக இறக்காதீர்கள். ஸ்நார்க்கல் குழாய் இன்ஜின் மூச்சுவிடும் இடத்தை உயர்த்துகிறது, அவ்வளவுதான், கதவும் வயரிங்கும் முன்பு எப்படியோ இப்போதும் அப்படியே. ஓடி ஓடிச் சூடேறிய டிஃபரென்ஷியல், அதாவது ஆக்ஸில் நடுவே இருக்கும் கியர் பெட்டி, குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் டிரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேரிங்கும் கிரவுன் கியரும் போய்விடும். கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஓட்டும் டிரைவர்களைப் பாருங்கள், விஞ்ச் இல்லை, லைட் பார் இல்லை. நாலு சக்கரமும் மெதுவாக, பலத்தோடு சுழலும் ஃபோர் லோ போட்டு, முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் இன்ஜினின் பிடிப்பிலேயே இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் பாடம் எடுக்கச் சொல்லுங்கள், காசு கொடுத்து, மரியாதையோடு.

இன்னொன்று, ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரை மணலில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. அப்புறம் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது, டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏறிவர முடியாமல் அங்கேயே செத்துப்போகிறது. கடற்கரை ட்ரைவை நிறுத்திவிடுங்கள். காப்புக்காடும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

அடுத்த ட்ரைவுக்கு அழைப்பு போடும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கேஜ், கம்ப்ரஸர், முன்னும் பின்னும் ரெக்கவரி பாயின்ட், இந்த மூன்றும் இல்லாத வண்டி ட்ரெயிலில் இறங்காது. கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் எல்லோரையும் நிறுத்தி, காற்று இறக்கவும் ஏற்றவும் அவரவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் இல்லாதவர்களுக்கு என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.