கம்ப்ரசர் பழுதுப் பயிற்சி: ஞாயிறு காலை 10 மணி

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு நம் ஐடிஐ ஒர்க்‌ஷாப்பில் ஐஸ் பிளாண்ட் அம்மோனியா கம்ப்ரசர் ஒன்றைப் பிரித்துப் பார்க்கிறோம். கேஸ் முழுவதும் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

1. ஆயில் பிரஷர் குறைந்து கம்ப்ரசர் ட்ரிப் ஆனதும் (தானாக நின்றதும்) ரீசெட்டை அழுத்தி ஓட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஆயில் பம்ப் பிரஷரில், கேஸ் உள்ளே வரும் பக்கத்தின் சக்‌ஷன் பிரஷரைக் கழித்தால் வருவதுதான் உண்மையான ஆயில் பிரஷர். கேஜை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் நம் பேட்சிலேயே நிறைய!
2. கிராங்க்கேஸில் (கம்ப்ரசரில் ஆயில் நிற்கும் அடிப்பகுதி) பனி, கூடவே தட்டும் சத்தமா? அம்மோனியா கேஸாக மாறாமல் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிறது. உடனே நிறுத்துங்கள்.
3. ஹெட் பிரஷர் (கேஸ் வெளியேறும் பக்கத்து பிரஷர்) ஏறினால் கண்டென்சரில் (கேஸைக் குளிரவைத்துத் திரவமாக்கும் பகுதி) அழுக்கு, சிஸ்டத்தில் காற்று இரண்டையும் பாருங்கள்.
4. உங்கள் பிளாண்ட் லாக் புக்கை எடுத்து வாருங்கள். சேஃப்டி ஷூ கட்டாயம்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடவும். அப்புறம், சாப்பாடு உண்டு.