மீடியா பிளேயரைத் திட்டாதே

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. தாமதத்துக்குச் சமாதானம் எழுதினால் நீ படிக்கவா போகிறாய்? வீட்டில் எல்லாரும் சுகம். கருணாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீட்டு தெளிவாகத் தெரிகிறதாம், அப்படியும் தோற்கிறான்.

சரி, உன் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் மீடியா பிளேயர். "அப்படியே உறைந்து நிற்கிறது, அக்கா பையன் ஃபார்மட் போடச் சொல்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே. அவனைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாதே.

ஜன்னல் வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறதல்லவா, அதற்கு அர்த்தம் பிளேயர் செத்துவிட்டது என்பதல்ல. ஐந்து விநாடி கூப்பிட்டும் பதில் வரவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது, அவ்வளவுதான். பிளேயர் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எந்த நேரத்தில் உறைகிறது என்பதை நீ எழுதவில்லை. திறந்த உடனேயா, பாட்டு நடுவிலா, வீடியோ போட்டால் மட்டுமா? மூன்றும் வேறு வேறு நோய்.

திறந்த உடனே என்றால், 12ஆம் பதிப்பில் பெரும்பாலும் லைப்ரரி கெட்டிருக்கும். எல்லாப் பாட்டின் விவரத்தையும் அது 'டபிள்யூஎம்டிபி' என்று முடியும் ஃபைலில் எழுதி வைக்கிறது. கரண்ட் போய் மிஷின் அணைந்தால் அது பாதியில் சிதைந்துபோகும். பிளேயரை நீக்கித் திரும்பப் போட்டாலும் இந்த ஃபைல் உன் யூசர் கணக்கின் கீழே அப்படியே கிடக்கும். அதனால்தான் மறுபடி போட்டும் தீரவில்லை என்று பலர் புலம்புகிறார்கள். பிளேயரை மூடு. விண்டோஸ் பொத்தானோடு 'ஆர்' அழுத்தி, சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடி. பட்டியலில் 'விண்டோஸ் மீடியா பிளேயர் நெட்வொர்க் ஷேரிங் சர்வீஸ்' இருக்கும், அதை நிறுத்து. நிறுத்தாமல் போனால் ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது என்று அடம்பிடிக்கும். பிறகு சி டிரைவில் யூசர்ஸ், உன் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே போனால் 'மீடியா பிளேயர்' ஃபோல்டர். ஆப்டேட்டா கண்ணில் படாது; ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த ஃபோல்டரை அழிக்காதே, பெயரை மட்டும் மாற்று. பிளேயரைத் திறந்தால் புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள்ளும். பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை தடவை கேட்டாய் என்ற கணக்குதான் போகும். பிளேலிஸ்டுகள் மியூசிக் ஃபோல்டருக்குள் தனியாக இருக்கின்றன.

புது லைப்ரரி எல்லாவற்றையும் தேடிச் சேர்க்கக் கொஞ்ச நேரம் திணறும். அதையும் உறைதல் என்று எனக்கு எழுதிவிடாதே. ஆர்கனைஸ், மேனேஜ் லைப்ரரீஸ், மியூசிக் போய், எப்போதோ கழற்றிய பென் டிரைவ் ஏதாவது பட்டியலில் இருந்தால் நீக்கிவிடு. ஆப்ஷன்ஸில் லைப்ரரி பக்கத்தில் இணையத்திலிருந்து விவரம் எடுக்கும் டிக்கையும் எடு. நம் பாட்டுகளில் வெப்சைட் விளம்பரம்தான் ஆல்பம் பெயராக ஒட்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அது என்னத்தைத் தேடும்!

வீடியோவுக்கு மட்டும் உறைந்தால் யாரோ போட்ட கோடெக் பேக்கைச் சந்தேகி; சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் குட்டி புரோகிராம்தான் கோடெக், அவற்றின் மூட்டைதான் பேக். இரண்டு பேக் இருந்தால் கேட்கவே வேண்டாம், இரண்டையும் நீக்கு. அதே படத்தை விஎல்சி என்ற இன்னொரு பிளேயரில் போட்டுப் பார். அது தன் கோடெக்கைத் தானே கொண்டுவருகிறது. அதில் ஓடினால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

இனிமேல் எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பாட்டு நடுவில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று, விஎல்சியும் அங்கேயே திக்கினால் இரண்டில் ஒன்று: அந்த ஃபைல் கெட்டிருக்கிறது, இல்லை ஹார்ட் டிஸ்க் கெட்டிருக்கிறது. வேறு வேறு பாட்டிலும் நின்று, கூடவே மிஷினே மந்தமாகி, டிஸ்க் 'டக் டக்' என்றால் டிஸ்க்தான். படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை பிளேயர் காத்திருக்கும். மிஷினில் நடந்த கோளாறுகளை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூயரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய்ப் பார். 'டிஸ்க்' என்ற பெயரில் 7ஆம் எண் இருந்தால் கெட்ட பிளாக், அதாவது டிஸ்கில் படிக்க முடியாத இடம் என்று பொருள்.

7 இருந்தால் முதல் வேலை காப்பி. டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் வேண்டாம், சிதறிக் கிடக்கும் ஃபைல்களை அடுக்கும் டீஃப்ராக் வேண்டவே வேண்டாம். சாகக் கிடக்கிறவனை ஓடச் சொல்கிற கதை அது. வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையில் எடு. ஆனால் அது ஒரு ஃபைல் படிக்க வராவிட்டால் 30 விநாடிக்கு ஒரு தடவை, 10 லட்சம் தடவை முயலும், ஜென்மத்துக்கும் முடியாது. கட்டளைக் கடைசியில் /ஆர்:1 /டபிள்யூ:1 என்று (ஆங்கில எழுத்தில்) சேர்த்தால் ஒரே ஒரு தடவை மறுபடி முயன்று தாண்டிப் போகும். சினிமாப் பாட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கேசட்டிலிருந்து நீ மாற்றின நாகஸ்வரக் கச்சேரிகள். கேசட்டெல்லாம் பூசணம் பிடித்து எறிந்துவிட்டேன் என்று போன வருஷம் எழுதினாயே, அப்போதே கேட்க நினைத்தேன்: இன்னொரு காப்பி எங்கேடா? இல்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே கடைக்குப் போ.

7 இல்லாவிட்டால் ஃபைல்தான். எது என்று தெரியாவிட்டால் பாட்டுகளில் பாதியை வேறு இடத்துக்கு மாற்றிப் பார், பிறகு தொல்லை தருகிற பாதியில் பாதி. 4000 பாட்டு இருந்தாலும் பன்னிரண்டு தடவையில் ஆள் சிக்கிவிடும். டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் இந்த விளையாட்டு.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. அதில் டிஸ்கின் கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 மூன்று வரிக்கும் கடைசிக் கட்டத்தில் உள்ள எண்ணை எழுதி அனுப்பு. மூன்றும் வெறும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. ஃபோட்டோ எடுத்தாலும் சரி, ஆனால் போன தடவை மாதிரி உன் கட்டைவிரலை அனுப்பி வைக்காதே.

உன்,
மணி