காலை ஊன்றிக்கொண்டே தொங்கு

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஜிம் சுவரில் ஏணிப்படி மாதிரி வரிசையாக அடித்த மரக்கட்டைகளுக்கு, அதாவது வால் பாருக்கு (wall bar), முதுகைக் காட்டி நிற்கிறாய். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தோள் உயரத்தில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை முன்னால் தள்ளுகிறாய். "நெஞ்சு நல்லா விரியுதும்மா" என்று வேறு எழுதியிருக்கிறாய். முதலில் அதை நிறுத்து. மற்றதைப் பிறகு பேசலாம்.

காலேஜில் கபடி ஆடி உன் இடது தோள் இறங்கியது மறந்துவிட்டதா? கை பக்கவாட்டில் உயர்ந்து, பின்னால் போய், வெளிப்பக்கமாகத் திரும்பும்போதுதான் மேல்கை எலும்பின் தலை குழியை விட்டு முன்பக்கம் நழுவும். போட்டோவில் உன் கை கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது, அதிலும் உடம்பு பாரம் முழுக்க அதன்மேல். சின்ன வயதில் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்குவது சகஜம். யாருமே அதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நீ செய்யக்கூடாது.

அதற்காக அந்தக் கட்டைப் பக்கமே போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் பிசியோதெரபி டிபார்ட்மென்டில் எத்தனை மெஷின் வந்திறங்கினாலும் எனக்குப் பிடித்தது வால் பார்தான். கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

தோள் இறுகிப்போனவர்கள் எங்களிடம் நிறைய வருவார்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள். தலை பின்ன முடியாது, மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியாது. சுவரைப் பார்த்து நிற்கவைத்து, கட்டை கட்டையாகக் கையை ஏற்றச் சொல்வேன். எட்டிய கட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அடுத்த முறை வரும்போது கோட்டைத் தாண்டியே தீருவேன் என்று நிற்பார்கள். கள்ளத்தனமும் நடக்கும். குதிகாலைத் தூக்குவார்கள், தோளைக் காதுவரை ஏற்றுவார்கள், இடுப்பைச் சாய்ப்பார்கள். கோடு மேலே போகும், மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் நான் கோட்டைப் பார்ப்பதைவிடத் தோள்பட்டை எலும்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜிம்மில் உன் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் கிடையாது. கண்ணாடி இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு செய்.

இந்தக் கட்டைக்கும் உன் ஊருக்கும் சம்பந்தம் உண்டு தெரியுமா? ஸ்வீடனில் நீ இருக்கும் மால்மோவிலிருந்து லுண்டுக்கு ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது என்று நீதானே சொன்னாய். 1805-ல் அந்த லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு சொல்லிக்கொடுத்தவர் பெர் ஹென்ரிக் லிங். 1813-ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்றே ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். பட்டாளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமல்ல, நோயாளிக்கும் பயிற்சிதான் மருந்து என்பது அவர் கட்சி. சுவர்க்கட்டைகள் அந்த வழியில் வந்தவைதான். ஐரோப்பா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் ஏறின. ரஷ்யாவில் பிள்ளைகள் ஏறி விளையாட வீட்டுக்குள்ளேயே மாட்டிவைத்தார்கள். லிங் வழியில் படித்தவர்களை ஸ்வீடன் அரசு 1887-லேயே பதிவு செய்து அங்கீகரித்தது. எங்கள் தொழிலுக்குத் தாய்வீடு நீ இருக்கும் நாடுதான் என்று வைத்துக்கொள்.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொங்குவதென்றால் காலை அந்தரத்தில் விட வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் ஒரு வீம்பு. வால் பாரில் கீழேயும் கட்டை இருக்கிறதே, அது எதற்கு? சுவரைப் பார்த்துக் கீழ்க்கட்டையில் ஏறி நின்று, முகத்துக்கு நேராக இருக்கும் கட்டையைப் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி மெதுவாக உட்காரப் பார். அக்குளிலிருந்து முதுகு முழுக்க இழுவை தெரியும். எவ்வளவு பாரம் கைக்கு, எவ்வளவு காலுக்கு என்பது உன் கட்டுப்பாட்டில் இருக்கும். இடது தோள் நழுவப்போகிற மாதிரி ஒரு பயம் வந்தால் அந்த நொடியே முழங்காலை நீட்டி எழுந்துவிடு. கம்பியில் வெறுமனே தொங்குகிறவனுக்கு இந்த வசதி கிடையாது.

தண்டால் எடுப்பதற்கும் இதே கட்டை போதும். நெஞ்சு உயரக் கட்டையில் கையை வைத்து ஆரம்பி. தோள் நடுங்காமல் பன்னிரண்டு எடுக்க முடிந்தால் ஒரு கட்டை கீழே இறங்கு. தரைக்கு வரும்போது மூட்டைச் சுற்றியுள்ள சதை தேறியிருக்கும். உன் தோளுக்கு நெஞ்சு விரிவதைவிட இதுதான் அவசரம்.

தொடைப் பின்சதைக்குக் குதிகாலைக் கட்டையில் வைத்து நீட்டும்போது, முதுகு வளைந்தால் ஒரு கட்டை கீழே இறக்கிக்கொள். முப்பது வினாடி, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தடவை. வெயிட் தூக்கப் போகும் முன்னால் நிமிடக்கணக்கில் நீட்டிக்கொண்டு நிற்காதே, தற்காலிகமாகப் பலம் கொஞ்சம் குறையும். அதையெல்லாம் முடிவில் வைத்துக்கொள். மேல் கட்டையில் தொங்கிக் காலைத் தூக்குவது இப்போது வேண்டாம். அதற்குத் தோள் தேறட்டும். பாதத்தைக் கீழ்க்கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருவதும் எனக்குப் பிடிக்காது. வயிறு வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு தொடை மடக்கும் சதைக்கே எல்லாப் பாரத்தையும் கொடுப்பார்கள்.

வாடகை வீட்டில் ஒன்று மாட்டலாமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். உன் அறைத் தடுப்பைத் தட்டினால் டொப்டொப்பென்று கேட்கிறது, போன மாதம் வீடியோவில் நீயே தட்டிக் காட்டினாய். ஆள் தொங்கி ஆடும்போது மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்குகிற மாதிரி இழுக்கும். செங்கல்லோ கான்கிரீட்டோ இருந்தால் பரவாயில்லை, ஜிப்சம் பலகை தாங்காது. வீட்டுக்காரரிடம் திட்டும் வாங்குவாய்.

அங்கே ஒரு பிசியோவிடம் நேரம் வாங்கி இடது தோளை ஒருமுறை காட்டிவிடு. கபடி கதையை மறைக்காமல் சொல். அவர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். அப்பா சட்டை அளவு கேட்கச் சொன்னார், அதையும் மறக்காதே.

அன்புடன்,
அம்மா